மரபணுத் திருத்தத்தில் ஆய்வும் காப்புரிமையும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: முதலில் கண்டறிந்தவருக்கே காப்புரிமை சேரும்.

உண்மை: இயற்கையில் ஏற்கெனவே உள்ளதைக் கண்டறிந்ததற்குப் பொதுவாகக் காப்புரிமை கிடையாது, அதைப் பயன்படுத்தும் புதிய முறைக்கே உண்டு. மரபணுத் திருத்தத்துக்குப் பயன்படும் கிரிஸ்பர் நுட்பத்தின் வரலாறு 1987இல் ஒசாகா பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. யோஷிசுமி இஷினோ குழுவினர் ஒரு குடல் பாக்டீரியாவின் டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் வரிசையைக் கண்டனர்; அதன் பயன் அப்போது விளங்கவில்லை. அது வைரஸை எதிர்க்கும் ஏற்பாடு என்று 2007இல் சோதனையால் மெய்ப்பித்தவர்களோ, தயிருக்கான உறைக் கிருமிகளைத் தயாரித்த டானிஸ்கோ நிறுவனத்தின் விஞ்ஞானிகள். அறிவு பல்கலைக்கழகத்திலிருந்து தொழிலுக்கு மட்டுமே பாயும் என்ற எண்ணமும் இங்கே பொய்த்துப்போகிறது.

நம்பிக்கை: நோபல் யாருக்கோ, காப்புரிமையும் அவர்களுக்கே.

உண்மை: ஜெனிஃபர் டௌட்னாவும் எம்மானுவேல் ஷார்ப்பந்தியேவும் கிரிஸ்பரின் காஸ்9 புரதத்தைக் கொண்டு டிஎன்ஏவை விரும்பிய இடத்தில் வெட்டலாம் என்று 2012 ஜூனில் வெளியான கட்டுரையில் காட்டினர். 2020இல் வேதியியல் நோபல் அவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் அவர்கள் வெட்டியது சோதனைக் குழாயில். மனித உயிரணுக்களில் அது வேலை செய்வதை பிராட் ஆய்வு நிறுவனத்தின் ஃபெங் ஜாங் குழு 2013 ஜனவரியில் வெளியிட்டது. டௌட்னாவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத் தரப்பு 2012 மே மாதமே காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தது. பிராட் டிசம்பரில்தான் விண்ணப்பித்தது. இருந்தும் விரைவுப் பரிசீலனைக்குப் பணம் கட்டிய பிராடுக்கு 2014 ஏப்ரலில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்துவிட்டது. இரு தரப்புக்கும் இடையிலான வழக்கில் 2022இல் அமெரிக்கக் காப்புரிமை வாரியமும் பிராடின் பக்கமே தீர்ப்பளித்தது. 2025 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பின் ஒரு பகுதியை நீக்கி, வழக்கை வாரியத்துக்கே திருப்பி அனுப்பியது. ஐரோப்பாவில் நிலைமை வேறு: விண்ணப்பதாரர் பெயர்ப் பட்டியலில் இருந்த குறையால் பிராடின் முக்கியக் காப்புரிமை ஒன்று 2018இல் ரத்தானது. நோபல் குழு எடைபோடுவது அறிவியல் முக்கியத்துவத்தை. காப்புரிமைச் சட்டம் பார்ப்பது யார், எதை, எப்போது, எந்த அளவுக்கு உரிமை கோரினார் என்பதை.

நம்பிக்கை: ஆய்வுக் கட்டுரை வெளியிட்டால் காப்புரிமை போய்விடும்.

உண்மை: பாதி சரி. ஐரோப்பாவில் சொந்தக் கட்டுரையே புதுமையைக் கெடுத்துவிடும். அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு. மரபணு ஒட்டுதலைப் பற்றி ஸ்டான்லி கோஹன், ஹெர்பர்ட் போயர் ஆகியோரின் கட்டுரை 1973 நவம்பரில் வந்தது. விண்ணப்பம் 1974 நவம்பரில். அமெரிக்க உரிமை மயிரிழையில் தப்பியது, வெளிநாட்டு உரிமைகள் கைநழுவின. விண்ணப்பத்தை முதலில் பதிவு செய்துவிட்டால் கட்டுரையைத் தாராளமாக வெளியிடலாம்.

நம்பிக்கை: காப்புரிமை ஆய்வை முடக்கும்.

உண்மை: உரிமம் தரும் விதமே அதைத் தீர்மானிக்கிறது. கோஹன்–போயர் காப்புரிமையை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் எவருக்கும் தனியுரிமையாகத் தரவில்லை. 400க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உரிமம் பெற்றன, 25 கோடி டாலருக்கு மேல் வருவாய் வந்தது, துறையும் வளர்ந்தது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, காப்புரிமை பெற்ற ஒன்றைச் சோதனை, ஆராய்ச்சி, மாணவர்களுக்குக் கற்பித்தல் ஆகியவற்றுக்காக மட்டும் பயன்படுத்த எவரையும் அனுமதிக்கிறது.