உயர்துல்லிய டிஜிட்டல் ஒலி: வாங்குமுன் அறிய வேண்டியவை

மூட்டையைத் தொட்டுப் பார்க்காமல் சரக்கு வாங்கும் வழக்கம் நம்மில் யாருக்கும் இல்லை. குத்தூசி போட்டு, உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்த பிறகுதான் விலை பேசுகிறோம். ஆனால் வீட்டில் பாட்டுக் கேட்கும் கருவி வாங்கும்போது மட்டும் அட்டைப் பெட்டியில் அச்சிட்ட எண்களை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்து விடுகிறோம். 'ஹை-ரெஸ்' எனப்படும் உயர்துல்லிய ஒலிக் கருவிகளை வாங்குவோரும் நம் சங்கத்தில் உண்டு, விற்போரும் உண்டு. இரு தரப்பினருக்கும் பயன்படும் வகையில் இதன் கணக்கைப் பார்ப்போம்.

எண்கள் சொல்வது என்ன?

டிஜிட்டல் முறையில் ஒலியை ஒரு விநாடிக்குப் பல்லாயிரம் முறை மாதிரி எடுத்து, ஒவ்வொரு மாதிரியையும் அளந்து எண்ணாக எழுதி வைக்கிறார்கள். எத்தனை முறை குத்தூசி போடுகிறோம் என்பது முதல் எண். எடுத்த மாதிரியை எவ்வளவு நுண்ணிய தராசில் நிறுக்கிறோம் என்பது இரண்டாவது எண்.

1982ல் விற்பனைக்கு வந்த சி.டி.யில் விநாடிக்கு 44,100 மாதிரிகள். அளவு 16 பிட். அதாவது 65,536 படிகள் கொண்ட தராசு. உயர்துல்லிய ஒலியில் 96,000 அல்லது 1,92,000 மாதிரிகளும் 24 பிட்டும் வழக்கம். 24 பிட் என்றால் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள்.

இதற்கேற்ப இடமும் அடைக்கும். சுருக்காமல் வைத்தால் சி.டி. தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 10.5 மெகாபைட், 96,000/24 தரத்தில் சுமார் 34.5 மெகாபைட். 'ஃபிளாக்' என்னும் கோப்பு முறை எதையும் இழக்காமல் இதை ஏறக்குறையப் பாதியாக மடித்து வைக்கும். பழைய எம்.பி.3 முறையோ, காதுக்குத் தெரியாது என்று கருதும் பகுதிகளைக் கழித்தே சுருக்குகிறது. கழித்தது திரும்ப வராது.

எவ்வளவு இருந்தால் போதும்?

இங்கே நம் மூட்டைக் கணக்கு பொருந்தாது. மூட்டையில் கூடுதலாகக் குத்தினால் கூடுதல் விவரம் கிடைக்கும். ஒலியிலோ, கேட்க வேண்டிய உச்ச அதிர்வின் இரு மடங்குக்கு மேல் மாதிரி எடுத்துவிட்டால், அந்த எல்லைக்குட்பட்ட ஒலி முழுவதையும் திரும்பப் பெற முடியும். இது கணிதம் நிறுவிய உண்மை. மனிதக் காதின் எல்லை சுமார் 20,000 அதிர்வுகள். ஆகவே 44,100 மாதிரிகள் அதற்குப் போதும். வயது ஏற ஏற இந்த எல்லை குறையும். அறுபதைத் தாண்டிய நம்மில் பெரும்பாலோருக்கு 15,000 அதிர்வுகளே எட்டாது. இதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

2007ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உயர்துல்லிய ஒலியையும் சி.டி. தரத்துக்குக் குறைத்த அதே ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தார்கள். 554 முறையில் 276 முறையே சரியாகச் சொன்னார்கள். காசு சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும். 2016ல் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சரியான விடை நூற்றுக்கு 52 அளவில் இருந்தது. வேறுபாடு அடியோடு இல்லை என்பதற்கில்லை. ஆனால் மிகச் சிறியது. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்வோருக்கு 24 பிட் மிகவும் உதவும். வீட்டில் கேட்போருக்கு அதன் ஆதாயம் குறைவு.

சங்கிலியின் கண்ணிகள்

பாட்டுக் கோப்பு, அதை இயக்கும் போன் அல்லது கம்ப்யூட்டர், எண்ணை ஒலி அலையாக்கும் 'டாக்' கருவி, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் என ஐந்து கண்ணிகள். எது பலவீனமோ, அதுவே மொத்தத் தரம்.

1. புளூடூத்தில் அனுப்பினால் பெரும்பாலும் ஒலி மறுபடி சுருக்கப்படும். உயர்தரமானது எனப்படும் 'எல்டாக்' முறையிலும் விநாடிக்கு அதிகபட்சம் 990 கிலோபிட், சி.டி.க்கே 1,411 வேண்டும். எனவே கம்பி வழியே இணைப்பது நல்லது.

2. ஆப்பிள் மியூசிக் 2021 முதல் இழப்பில்லாத ஒலியைக் கூடுதல் கட்டணமின்றித் தருகிறது. ஆனால் ஐபோனில் 48,000க்கு மேற்பட்ட தரம் வேண்டுமானால் தனியாக ஒரு டாக் கருவி தேவை. செயலியின் அமைப்பில் அந்தத் தரத்தை நாமே தேர்ந்தெடுக்கவும் வேண்டும்.

3. பெட்டியின் மேல் உள்ள தங்க நிற 'ஹை-ரெஸ் ஆடியோ' முத்திரை, ஜப்பான் ஆடியோ சொசைட்டி வகுத்த தகுதிக்கு அடையாளம். ஸ்பீக்கர் 40,000 அதிர்வுகள் வரை ஒலிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. நம் வீட்டுக் கூடத்தில் இனிமையாக ஒலிக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

பழைய சரக்கு, புதுச் சாக்கு

சாதாரண கோப்பை 96,000/24 ஆக ஊதிப் பெரிதாக்கி விற்பதும் நடக்கிறது. எண் பெரிதாகும், உள்ளே புதிதாக ஒன்றும் சேராது. 'ஆடாசிட்டி' என்னும் இலவச மென்பொருளில் அலைவரிசைப் படத்தைப் பார்த்தால், 22,000 அளவில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றிருந்தால் ஐயப்பட இடமுண்டு. பழைய மோனோ பதிவுகளில் மூல நாடாவில் இருந்ததற்கு மேல் எந்த எண்ணும் கொண்டுவராது. நல்ல முறையில் புதுப்பித்த சி.டி. தரக் கோப்பு, மோசமாகப் புதுப்பித்த உயர்துல்லியக் கோப்பைவிட மேல்.

பணத்தைப் பங்கிடும் முறை

நூறு ரூபாய் ஒதுக்கினால் அறுபதாவது ஸ்பீக்கருக்குப் போகட்டும். அடுத்த பங்கு ஆம்ப்ளிஃபயருக்கு. டாக் கருவி இன்று குறைந்த விலையிலேயே நன்றாகக் கிடைக்கிறது. தங்க முலாம் பூசிய கம்பிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை. போதிய தடிமன் உள்ள செம்புக் கம்பி போதும்.

செலவில்லாமல் கிடைக்கும் தரம் அறையில் இருக்கிறது. வழவழப்பான தரையும் வெறும் சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கும். ஒரு ஜமக்காளம், கனமான திரை, புத்தக அலமாரி ஆகியவை அதை அடக்கும். இரண்டு ஸ்பீக்கரும் நாம் உட்காரும் இடமும் சம முக்கோணமாக அமையட்டும். ஸ்பீக்கரின் சிறு கூம்பு காது மட்டத்தில் இருக்கட்டும். சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் அடித்தொனி வீங்கும்.

கடையில் சோதிக்கும்போது

இரண்டு கருவிகளையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் உயர்ந்ததாகத் தோன்றும். பல விற்பனைகள் அந்த இடத்தில்தான் முடிகின்றன. எது ஓடுகிறது என்று தெரியாதபடி திரும்பி உட்கார்ந்து, நமக்குப் பழகிய பாட்டையே கேட்க வேண்டும். பத்து முறையில் எட்டு முறையாவது சரியாகச் சொல்ல முடியாவிட்டால், கூடுதல் விலை எதற்கு என்று கேட்பது நம் உரிமை.

விற்கும் உறுப்பினர்களுக்கு ஒரு சொல். இந்தச் சோதனையை வாடிக்கையாளர் கேட்குமுன் நீங்களே செய்து காட்டுங்கள். அன்றைக்கு விலை குறைந்த கருவியே போகலாம். ஆனால் விலையுயர்ந்ததை வாங்கிப்போய், வீட்டில் வேறுபாடு தெரியாமல் விழித்தவர் மறுபடி நம் படி ஏற மாட்டார். உண்மையைச் சொல்லி அனுப்பியவரிடம் தம்பியையும் மருமகனையும் அழைத்து வருவார். எடையில் காட்டும் நேர்மையை எண்ணிலும் காட்டுவோம்.