இணைப்பில் எழுதிய திருத்தம் எங்கே போயிற்று?

ஆராய்ச்சிக் கட்டுரை ஒப்படைக்கும் மாதங்களிற் கல்லூரிதோறும் நிகழ்வதொன்று உண்டு. பேராசிரியர் குறிப்பெழுதி மின்னஞ்சலில் அனுப்பிய அதிகாரத்தை மாணாக்கர் ஒருவர் அவ்வஞ்சலினின்றே திறக்கின்றார். இரவெல்லாம் விழித்துப் பத்துப் பக்கங்களைத் திருத்துகின்றார். இடையிடையே 'சேவ்' என்னும் பொத்தானையும் தவறாது அழுத்துகின்றார். மறுநாட் காலையில் அதே அஞ்சலைத் திறந்து அதே இணைப்பைத் தொட்டால், தாம் எழுதியவற்றுள் ஓரெழுத்தும் அங்கில்லை. கணினி தம் உழைப்பை விழுங்கிற்றென்று கலங்கி, முதலிலிருந்து மீண்டும் எழுதத் தொடங்குவார் பலர். அவருட் சிலரேனும் அங்ஙனம் வருந்த வேண்டுவதில்லை. அவர் எழுதியது அக்கணினியிலேயே, கண்ணிற்படாத ஓரறையிற் கிடக்கின்றது. அவ்வறைக்குச் செல்லும் வழியையே ஈண்டு நாம் கூறப் புகுகின்றோம்.

இம்மயக்கத்திற்குப் பெரிதும் காரணம் 'இணைப்பு' என்னும் சொல்லே என்பது நம் கருத்து. தபாலுறையில் வந்த தாளின்மேற் பென்சிலால் ஒரு கோடிட்டால், அக்கோடு அத்தாளிலேயே நிற்கும். தாளை மீண்டும் உறையிலிட்டு நாளை எடுப்பினும் மறையாது. மின்னஞ்சலின் இயல்பு அஃதன்று. அதனைக் கொண்டுசெல்லும் முறை 1982-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்றபோது வெறும் ஆங்கில எழுத்துக்களாலாகிய வாசகத்தையே அது சுமந்தது. படமும் ஒலியும் பிற கோப்புக்களும் அதன் வழியே செல்லுதற்குரிய 'மைம்' விதிகளை 1992-ஆம் ஆண்டில் நதேனியல் போரென்ஸ்டீன், நெட் ஃபிரீட் என்னும் அறிஞர் இருவர் வெளியிட்டனர். அவ்விதிகளுள் ஒன்றன்படி, கோப்பின் மூன்று பைட்டுகள் நான்கு எழுத்துக்களாக மாற்றப்பெற்று அஞ்சலின் உடலோடு ஒன்றாகின்றன; அனுப்புங்கால் கோப்பு ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு பருப்பது இதனாலேயே. ஆகவே, வந்த இணைப்பு அஞ்சலின் ஓர் உறுப்பேயன்றித் தனக்கெனப் பெயரும் இடமும் பெற்று வட்டில் இருக்கும் கோப்பன்று. நாம் தொட்டவுடன் அஞ்சற் செயலி அதனைக் கோப்பாக்கி, ஓரிடத்தே ஒரு பிரதி வைத்து, அப்பிரதியையே வேர்டின் கையிற் கொடுக்கின்றது. நாம் திருத்துவது அப்பிரதியை. அஞ்சலிலுள்ளதோ வந்தவாறே இருக்கின்றது. மறுநாள் தொட்டால் அதனினின்று இன்னொரு பிரதி பிறக்கும். திருத்தி முடித்துவிட்டோமென்று எண்ணி அவ்வஞ்சலை அப்படியே 'ஃபார்வர்டு' செய்வோர், பேராசிரியருக்கு அவர் அனுப்பிய பழைய வடிவத்தையே திருப்பி அனுப்புகின்றனர். இதனால் விளைந்த மனக்கசப்புக்கள் பல. மாணாக்கர் சொன்னதைச் செய்யவில்லை என்று ஆசிரியர் கருதுவதும், செய்தும் பழி வந்ததே என்று மாணாக்கர் நோவதும் இயல்பன்றோ!

தொலைந்ததென்று அறிந்தவுடன் செய்யத்தக்கது, ஒன்றும் செய்யாதிருத்தலே. வேர்டு இன்னும் திறந்திருப்பின் அதனை மூடாது, 'சேவ் ஆஸ்' என்பதனால் டாக்குமென்ட்ஸ் கோப்புறையில் வேறு பெயரில் உடனே சேமித்துக்கொள்க. மூடியாயிற்றெனின் அதே இணைப்பைப் பன்முறை திறந்து திறந்து பாராதிருக்க. வட்டைத் துப்புரவு செய்யும் 'டிஸ்க் கிளீனப்' முதலியவற்றின் பக்கமே செல்லாதிருக்க.

அதன்பின் வேர்டை மட்டும் திறந்து, 'ஃபைல்', 'ஓபன்', 'ரீசென்ட்' என்னும் வழியே அண்மையில் திறந்த கோப்புக்களின் பட்டியலைக் காண்க. மாணாக்கர் பலர் அஞ்சலைத் தேடுவரேயன்றி இப்பட்டியலைத் தேடார். கோப்பின் பெயர்மேற் சுட்டியை நிறுத்தினால் அஃது இருந்த இடமும் தோன்றும். பிரதி அழியாதிருப்பின் அங்கிருந்தே திறந்துகொள்ளும்.

அங்குக் கிட்டாவிடின் அவ்வறையையே நாடுதல் வேண்டும். விண்டோஸ் கணினியில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழைய அமைப்பிலான அவுட்லுக், தான் திறக்கும் இணைப்புக்களை 'கன்டென்ட்.அவுட்லுக்' என்னும் கோப்புறையில் வைக்கின்றது. அது பயனருடைய 'ஆப்டேட்டா' என்பதனுள் 'லோக்கல்', அதனுள் 'மைக்ரோசாஃப்ட்', அதனுள் 'விண்டோஸ்', அதனுள் 'ஐநெட்கேஷ்' என்பதன் உள்ளே இருப்பது. விண்டோஸ் 7 முதலிய பழைய பதிப்புக்களில் ஐநெட்கேஷுக்கு ஈடாக 'டெம்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸ்' என்றிருக்கும். இவற்றை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு சென்றால் இடைவழியிலேயே கதவு மறைந்துபோம்; ஏனெனில் விண்டோஸ் இவற்றைப் பொதுமக்கள் பார்வையினின்று ஒளித்துவைத்துள்ளது. ஆதலின் முழு முகவரியையும் மேலேயுள்ள முகவரிப் பட்டையில் நேரே தட்டெழுதுதல் வேண்டும். உள்ளே பொருளற்ற எழுத்துக்களும் எண்களும் கலந்த பெயரோடு ஒரு சிறு கோப்புறை இருக்கும். அதனைத் திறந்து, 'டேட் மாடிஃபைடு' என்னும் நிரலைத் தொட்டு நாள்வாரியாக வரிசைப்படுத்தினால், நேற்றிரவின் கோப்பு மேலே வந்து நிற்கும். ஒரே பெயரிற் பல இருப்பின் '(002)' முதலிய எண்கள் பின்னே சேர்ந்திருக்கும். அவையனைத்தையும் திறந்து பார்த்தல் நன்று.

முகவரி நினைவிலில்லாதோர் விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் அவுட்லுக்கிற்குரிய 'செக்யூரிட்டி' என்னும் பகுதியில் 'அவுட்லுக்செக்யூர்டெம்ப்ஃபோல்டர்' என்ற குறிப்பைப் படித்தறியலாம். படித்தல் மட்டுமே தகும். ரெஜிஸ்ட்ரியில் ஒன்றையேனும் மாற்றப் புகுவது விளக்கைக் கையிலேந்தி வைக்கோற்போரினுள் நுழைவதை யொக்கும்.

இங்கே ஒரு வியப்பு உண்டு. அஞ்சலை மூடுங்காலும், அவுட்லுக்கையே மூடுங்காலும் அச்செயலி தான் வைத்த பிரதியை அழித்துவிடுதல் வழக்கம். ஆயின் அப்போது வேர்டு அப்பிரதியைப் பிடித்துக்கொண்டிருப்பின் அதனால் அழிக்க இயலாது. பிரதி எஞ்சி நிற்கும். ஒழுங்காக வேர்டை முன்னும் அஞ்சலைப் பின்னும் மூடியவர் இழக்க, தூக்கக் கலக்கத்தில் முன்பின் மாற்றி மூடியவர் தம் உழைப்பைத் திரும்பப் பெறுகின்றார்! இங்ஙனம் அழிந்த பிரதி ரீசைக்கிள் பின்னிலும் விழுவதில்லை.

சேமியாதே மூடினோர்க்கு வேறொரு வாயில் உண்டு. வேர்டு தானாகவே பத்து நிமிடத்திற்கொருமுறை ஒரு காப்புப் பிரதி எடுத்துவைப்பது அதன் இயல்பான அமைப்பு. 'ஃபைல்', 'இன்ஃபோ', 'மேனேஜ் டாக்குமென்ட்', 'ரெக்கவர் அன்சேவ்டு டாக்குமென்ட்ஸ்' என்னும் வழியே அவற்றைக் காணலாம். பொதுவாக நான்கு நாட்களே அவை காக்கப்படுமாதலின், விடுமுறை கழிந்தபின் பார்த்துக்கொள்வோம் என்றிருத்தல் ஆகாது. இறுதிச் சில நிமிடங்களின் எழுத்து இதிலிராது. எனினும் ஓரிரவின் பெரும்பகுதி கிடைத்தல் சிறிதன்று.

2010-ஆம் ஆண்டுப் பதிப்பு முதலாக, அஞ்சலில் வந்த கோப்புக்களை வேர்டு முதலிற் படித்தற்கு மட்டுமே திறந்து, மேலே மஞ்சட்பட்டையில் 'எனேபிள் எடிட்டிங்' என்று கேட்கின்றது. அங்ஙனம் திறந்த கோப்பைச் சேமிக்குங்காற் புதுப்பெயரும் இடமும் கேட்பதும் உண்டு. அதனைப் படியாமலே அழுத்தினோர் தம் டாக்குமென்ட்ஸ் கோப்புறையை ஒருமுறை நோக்குக. உலாவியின் வழியே அஞ்சல் படிப்போர்க்கு இத்துணைத் தொல்லையில்லை. 'டவுன்லோட்ஸ்' என்னும் கோப்புறையில் '(1)', '(2)' என்னும் வாலோடு பிரதிகள் வரிசையாகக் கிடக்கும். புதியதே திருந்தியது என்று நம்பிப் பழையதை அழித்துவிடுதல் மட்டும் ஆங்கு நேரும் ஆபத்து. உண்மையில் திருத்தங்களுள்ளது முதற் பிரதியாகவும், வாலுள்ளது மறுநாள் அஞ்சலினின்று பிறந்த வெற்றுப் பிரதியாகவும் இருத்தல் கூடும்.

கோப்புக் கிட்டியபின் அவ்வறையிலேயே வைத்து எழுதத் தொடங்காது, வேறிடத்தே வேறு பெயரிற் சேமித்துக்கொண்டு, 'ரிவ்யூ' என்னும் பகுதியிலுள்ள 'கம்பேர்' என்பதனால் அஞ்சலிலுள்ள பழைய வடிவத்தோடு ஒப்பிட்டு நோக்குக. எவ்வெத் திருத்தங்கள் எஞ்சின, எவ்வரியோடு எழுத்து நின்றது என்பதனை வேர்டே வண்ணமிட்டுக் காட்டும். அவ்வரியினின்று மேலே எழுதலாம்.