பீரங்கி வண்டியும் கரிசல் மண்ணும்

பெரம்பலூருக்கு வடக்கே நிற்கிறது ரஞ்சன்குடிக் கோட்டை. இதனருகே வாலிகண்டபுரத்தில் 1751இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறம், முகமது அலியும் ஆங்கிலேயரும் மறுபுறமாக மோதினர். ஆங்கிலப் படை ஊட்டத்தூர் வழியே திருச்சிக்குப் பின்வாங்கிற்று.

அத்திசையில் செல்லும் வண்டிப்பாதை ஒன்றில், மழைக்கு மறுநாள், நண்பரின் ஜீப்பில் சென்றேன். கரிசல் மண் காய்ந்தால் பாளமாக வெடிக்கும்; நனைந்தாலோ சக்கரத்தை விடாது. ஜீப் அமிழ்ந்தது. வேகம் கூட்டினால் குழிதான் ஆழமாகும். டயர்க் காற்றைச் சற்றுக் குறைத்தோம். டயர் அகலமாகப் பதிந்தது, எடை பரவியது. நான்கு சக்கரங்களுக்கும் விசை கொடுத்து, தாழ்ந்த கியரில் மெல்ல வெளியேறினோம்.

இரும்புப் பட்டையிட்ட மரச்சக்கரத்திற்கு இவ்வசதி ஏது? பீரங்கியின் பாரம் முழுவதும் அக்குறுகிய விளிம்பில் இறங்கும். மேலும் சில ஜோடி மாடுகளைப் பூட்ட வேண்டியதுதான். ஐப்பசி அடைமழையில் அக்காலப் படைகள் போரை நிறுத்திப் பாசறையில் தங்கியதன் காரணம் எனக்கு அங்கேதான் விளங்கியது.