கூட்டாளி விடைபெறும்போது

கேள்வி: அந்தமானின் லாங் ஐலண்டில் நண்பரோடு சேர்ந்து விடுதி நடத்துகிறேன். அவர் விலகி ஊருக்குத் திரும்புகிறார். மனக்கசப்பில்லாமல் எப்படி வழியனுப்புவது?

பதில்: மாலை போடுவதற்கு முன்னால் கணக்கு! 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, விலகலைப் பொது அறிவிப்பாக வெளியிடும்வரை வெளியாரிடம் அவர் பொறுப்பு நீடிக்கும். கணக்குத் தீர்க்காமல் தொழிலைத் தொடர்ந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, தன் பங்குக்குரிய லாபத்தையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ அவர் கேட்கலாம். ஆகவே பேசித் தீர்த்து, எழுதிக் கையெழுத்திடுங்கள்.

பிறகு விருந்து. வேலையாட்கள், மீன்காரர், படகுக்காரர் எல்லோரையும் அழையுங்கள். அவர் செய்த நல்லவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாராட்டுங்கள். ஒட்டுப்பலகை ஆலை மூடியபின் பலரைப் படகேற்றிய தீவு உங்களுடையது. வழியனுப்பச் சொல்லித்தர வேண்டுமா? ஜெட்டிவரை கூடவே போங்கள்.