கட்சியின் நெறியை வகுப்பவர் யார்?

மக்களாட்சி நடைபெறும் நாடுகளில் கட்சிகள் தோன்றுதல் இயல்பு. ஒத்த கருத்துடையோர் பலர் ஒன்று கூடி, நாட்டிற்கு இன்னின்ன செய்வோம் என்று மக்கள்முன் உறுதி கூறி, அவர்தம் ஒப்புதலைப் பெற்று ஆட்சியில் அமர்கின்றனர். அங்ஙனம் அமர்ந்த பின்னர், அக்கட்சியின் வேலைத்திட்டத்தை வகுத்து நடத்த வேண்டியவர் யாவர்? நாடு முழுவதன் வாக்கையும் பெற்றுத் தலைமை எய்திய ஒருவரா? அன்றி, தொகுதிதோறும் தேர்ந்தெடுக்கப்பெற்றுச் சட்டமன்றத்திற் கூடியிருக்கும் பலரா? வினா எளியது போலத் தோன்றும். ஆயினும், இதற்கு விடை காணாமையால், தான் அரிதின் வென்ற ஆட்சியை ஆறே திங்களிற் கைநழுவ விட்ட கட்சியும் உண்டு. அவ்வரலாறு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்தது.

இங்கிலாந்திலும் நம் நாட்டிலும் பிரதமர் பாராளுமன்றத்தில் அமர்ந்து, உறுப்பினர் தொடுக்கும் வினாக்களுக்கு விடை கூறுகின்றார். அவையின் நம்பிக்கையை இழந்த அமைச்சரவை பதவியில் நீடித்தல் இயலாது. அமெரிக்காவிலோ முறை வேறு. 1787ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் அந்நாட்டின் அரசியலமைப்பை வகுத்த அறிஞர்கள், சட்டம் இயற்றும் அதிகாரத்தையும் அதனை நிறைவேற்றும் அதிகாரத்தையும் வெவ்வேறாகப் பிரித்து வைத்தனர். பிரதிநிதிகள் சபை, செனட் சபை என்னும் ஈரவைகளைக் கொண்டது காங்கிரஸ். குடியரசுத் தலைவர் அதன் உறுப்பினர் அல்லர். நலமெனத் தாம் கருதுவனவற்றை அவர் காங்கிரசுக்குப் பரிந்துரைக்கலாம். உடன்பாடற்ற மசோதாவை மறுத்துத் திருப்பி அனுப்பலாம். அம்மறுப்பை வெல்ல ஈரவைகளிலும் மூன்றில் இரு பங்கினர் ஒன்றுபடல் வேண்டும். அவ்வரசியலமைப்பிற் கட்சி என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆதலின், பின்னர்த் தோன்றிய கட்சிகள் ஒரு காலைத் தலைவர் மாளிகையிலும் மறு காலைக் காங்கிரஸ் மண்டபத்திலும் ஊன்றி நிற்க வேண்டியவாயின.

1829 முதல் 1837 வரை குடியரசுத் தலைவராக விளங்கியவர் ஆண்ட்ரூ ஜாக்சன். நாட்டு மக்களின் நேர்ப் பிரதிநிதி தாமே என்பது அவர் கொள்கை. தேசிய வங்கியின் உரிமத்தை நீட்டிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை 1832ஆம் ஆண்டில் அவர் மறுத்தார். அதனையும் அவர்தம் பிற செயல்களையும் கண்டு வெகுண்டோர், இவர் முடி சூடாத மன்னராகின்றார் என்று பழித்தனர். இங்கிலாந்தில் மன்னரின் அதிகாரத்தை எதிர்த்த விக் கட்சியின் பெயரையே தமக்கும் சூட்டிக்கொண்டு ஒரு கட்சி கண்டனர். கெண்டக்கி மாநிலத்து ஹென்றி கிளே அதன் முதல்வர், சொல்வன்மை மிக்கவர். நெறியை வகுப்பது காங்கிரஸ், அதனை நிறைவேற்றுவதே தலைவர் கடமை, மறுப்புரிமையை அரிதாகவே கையாளுதல் வேண்டும் என்பன அக்கட்சியினர் கொண்ட கோட்பாடுகள்.

1840ஆம் ஆண்டுத் தேர்தலில் விக் கட்சி வென்றது. அதன் வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹாரிசன் 1841 மார்ச்சு 4ஆம் நாள் பதவியேற்றார். ஏப்ரல் 4ஆம் நாள் மறைந்தார். துணைத் தலைவராயிருந்த ஜான் டைலர் அவ்விடத்தில் அமர்ந்தார். டைலர் முன்பு ஜாக்சனின் கட்சியிலிருந்து மாறுபட்டு வந்தவர். மாநில உரிமையிற் பெரும்பற்றுடையவர். தேசிய வங்கியை நெடுங்காலமாக ஏற்காதவர். இவற்றை அறிந்திருந்தும், தென்னாட்டு வாக்குகளைக் கருதி விக் கட்சியினர் அவரைத் துணைத் தலைவர் பதவிக்கு நிறுத்தினர். அன்றியும், அத்தேர்தலில் அவர்கள் கொள்கை அறிக்கை எதனையும் வெளியிடவில்லை. பல கருத்துடையோரும் ஒரு கொடியின்கீழ் நிற்றற்கு அதுவே எளிய வழியெனக் கருதினர். அவ்வெளிமையே பின்னர் வினையாக முடிந்தது.

செனட் சபையில் அமர்ந்திருந்த கிளே, கட்சியின் நெறி தம் சொற்படியே செல்லும் என நம்பினார். வங்கி மசோதா நிறைவேறியது. ஆகஸ்டு 16ஆம் நாள் டைலர் அதனை மறுத்தார். அதனைத் திருத்தி மீண்டும் நிறைவேற்றினர். செப்டம்பர் 9ஆம் நாள் அதனையும் மறுத்தார். இரண்டு நாள் கழித்து, அயல்நாட்டு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர் ஒருவர் நீங்கலாக அமைச்சர் அனைவரும் பதவி துறந்தனர். செப்டம்பர் 13ஆம் நாள் காங்கிரசிலிருந்த விக் கட்சியினர், டைலருக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று அறிவித்துவிட்டனர். எஞ்சிய மூன்றரை ஆண்டுகளும் அவர் கட்சியற்ற தலைவராகவே காலங்கழித்தார். கிளேயோ 1844ஆம் ஆண்டுத் தேர்தலில் நின்று தோல்வியுற்றார். இவ்விருவருள் பிழை செய்தவர் யாவர்? பெரும்பான்மையினர் முடிவே கட்சியின் முடிவு என்றது கிளேயின் நியாயம். அரசியலமைப்பு அளித்த உரிமையை மனச்சான்றின்படி கையாண்டேன் என்றது டைலரின் நியாயம். வாக்குக் கேட்குமுன் பேசித் தீர்க்க வேண்டியதை வென்றபின் பேசப் புகுந்ததே அங்கு நேர்ந்த பிழை.

இனி, தலைவர் ஒருவரே நெறி வகுத்த காலத்தையும் நோக்குவோம். 1933ஆம் ஆண்டில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பதவியேற்றபோது அமெரிக்கா கொடிய பொருளாதார மந்தத்தால் வாடியது. உழைப்பாளருள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையின்றி வருந்தினர்; வங்கிகள் கதவடைத்தன. மார்ச்சு 9ஆம் நாள் அவர் அனுப்பிய வங்கி மசோதா ஈரவைகளிலும் நிறைவேறி அன்றே சட்டமாயிற்று. உறுப்பினர் பலர்க்கு அதனைப் படித்துப் பார்க்கவும் பொழுதில்லை. எனினும் அச்சம் தணிந்தது. மக்கள் தம் பணத்தை மீண்டும் வங்கிகளில் இட்டனர். வீடு பற்றியெரியும்போது கூடியிருந்து ஆராய்தல் பொருந்தாது. ஒருவர் விரைந்து முன்செல்லுதலே தக்கது என்பதனை இந்நிகழ்ச்சி காட்டும்.

ஆனால் நெருக்கடிக்கு உரிய முறை எக்காலத்திற்கும் உரியதாகாது. 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் 48 மாநிலங்களுள் 46இல் ரூஸ்வெல்ட் வென்றார். செனட் சபையில் நான்கில் மூன்று பங்கிற்கு மேல் அவர் கட்சியினரே. தம் சட்டங்களுட் சிலவற்றைத் தள்ளிய உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகளின் தொகையைப் பெருக்க அவர் எண்ணினார். எழுபது வயது கடந்தும் விலகாத நீதிபதி ஒவ்வொருவர்க்கும் ஒருவராக, அறுவர் வரை புதியோரைச் சேர்க்கும் திட்டத்தை 1937 பிப்ரவரி 5ஆம் நாள் வெளியிட்டார். தம் கட்சித் தலைவர்களிடமும் அதனை முன்கூட்டிக் கலந்தாராயவில்லை. அக்கட்சியைச் சார்ந்த செனட்டர் பர்ட்டன் வீலரே எதிர்ப்பிற்குத் தலைமை தாங்கினார். ஜூலைத் திங்களில் 70க்கு 20 என்னும் வாக்குகளால் அம்மசோதா குழுவிற்குத் திருப்பி அனுப்பப்பட்டு மடிந்தது. மறு ஆண்டு, தம்மோடு மாறுபட்ட செனட்டர்களாகிய வால்ட்டர் ஜார்ஜ், எல்லிசன் ஸ்மித், மில்லர்ட் டைடிங்ஸ் ஆகியோரைக் கட்சியின் வேட்பாளர் தேர்விலேயே வீழ்த்த ரூஸ்வெல்ட் முயன்றார். அவ்வம் மாநில மக்கள் அம்மூவரையுமே மீண்டும் தேர்ந்தனர். ரூஸ்வெல்ட்டை விரும்பி வாக்களித்த மக்களே, தம் பிரதிநிதியின் நாவை அவர் கட்டுதலை விரும்பவில்லை.

திருவிழாவில் தேர் ஓடுதலைக் கண்டோர் ஒன்று அறிவர். வடம் பிடிப்போர் இல்லையேல் தேர் நகராது. அதேபோல், சக்கரத்தின் அருகே நடந்து முட்டுக்கட்டை இடுவோர் இல்லையேல் தேர் வீதியில் திரும்பாது. வீட்டுச் சுவரில் மோதும். கட்டை இடுவோன் தேருக்குப் பகைவன் அல்லன், அதனை நெறிப்படுத்துவோன். தலைவர் முன்னின்று இழுத்தலும், சட்டமன்றத்தார் உடனிருந்து திருப்புதலும் இத்தகையனவே. தலைவருக்கு நாடு முழுவதும் ஒருங்கே தோன்றும். உறுப்பினர்க்குத் தம் தொகுதியின் குறையும் முறையும் தோன்றும். ஒன்றையே கொண்டு மற்றதை விடுத்தல் ஒரு கண்ணை மூடி நடத்தலை ஒக்கும்.

ஆகவே, நெறியை முன்மொழிதல் தலைவர்க்கு உரியதாகலாம். அதனை ஆராய்ந்து முடிவு செய்தல் சட்டமன்றத்தில் அமர்ந்த பலர்க்கே உரியதாதல் வேண்டும். அம்முடிவும் தேர்தலுக்கு முன்னரே மக்கள் அறிய எழுதி வைக்கப்படுதல் நன்று. கிளே தலைவரின் உடன்பாட்டைப் பெறாது நெறி வகுத்தார். ரூஸ்வெல்ட் உறுப்பினரின் உடன்பாட்டைப் பெறாது நெறி வகுத்தார். இருவரும் ஆற்றல் மிக்கோர்; இருவரும் பெரும்பான்மை கைக்கொண்டோர்; எனினும் இருவர் எண்ணமும் ஈடேறவில்லை. வலிமை உடையவர்க்கும் கலந்தாய்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறுகள் கற்பிக்கும் பாடமாகும். நாளை வாக்குரிமை பெறவிருக்கும் மாணவர்கள் இதனை இன்றே நெஞ்சிற் கொள்வார்களாக.