முதல் இடம் யாருடைய பிள்ளைக்கு?

பாலிகஞ்ச், கொல்கத்தா

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பள்ளிப் பேச்சுப் போட்டியில் உனக்குக் கனமான தலைப்பைத்தான் கொடுத்திருக்கிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் அத்தியாவசியப் பணியாளர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முன்னுரிமை தருவது நியாயமா? "சரி என்று பேசவா, தவறு என்று பேசவா, அத்தை?" என்று கேட்டிருக்கிறாய். சரி என்றே பேசு. ஆனால் எதற்காகச் சரி, யார் யாரைச் சேர்த்தால் சரி என்பதையும் சொல். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயத்தின் பாதி போய்விடும்.

முதலில் இங்கிலாந்தில் நடந்ததைத் தெரிந்துகொள். 2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமையோடு அங்கே பள்ளிகளை மூடினார்கள். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் மூடவில்லை. மருத்துவமனை, முதியோர் பராமரிப்பு, உணவு வினியோகம், போக்குவரத்து, காவல், மின்சாரம், தண்ணீர் போன்ற வேலைகளில் இருப்பவர்களின் பிள்ளைகள் வரலாம் என்று அரசு ஒரு பட்டியல் வெளியிட்டது. வீட்டில் பாதுகாப்பு இல்லாததால் சமூகப் பணியாளரின் கவனிப்பில் இருந்த பிள்ளைகளும் வரலாம் என்றது. தாய் தந்தையரில் ஒருவர் பட்டியலில் இருந்தாலே போதும். கூடவே, வீட்டில் பார்த்துக்கொள்ள முடிந்தவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் கேட்டுக்கொண்டது. முதல் அலையில் மிகச் சிலரே வந்தார்கள். 2021 ஜனவரியில் மறுபடி மூடியபோது, ஆரம்பப் பள்ளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தது. இடம் போதாமல் சில பள்ளிகள், பெற்றோர் இருவருமே பட்டியலில் இருக்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கின. தாய் செவிலியர், தந்தை வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்பவர் என்றால் அந்தப் பிள்ளைக்கு இடம் உண்டா? தனியாளாகப் பிள்ளையை வளர்க்கும் பேருந்து ஓட்டுநர் என்ன செய்வார்? சண்டை அங்கேதான் வந்தது. முன்னுரிமை வேண்டுமா வேண்டாமா என்பதில் அங்கே பெரிய தகராறு இருக்கவில்லை. எல்லையை எங்கே போடுவது என்பதுதான் பிரச்சினையாக இருந்தது.

நம் நாட்டில் அந்த எல்லையைப் பற்றிய பேச்சே எழவில்லை. இங்கே மேற்கு வங்காளத்தில் 2020 மார்ச் 16 அன்று பள்ளிகள் மூடப்பட்டன. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் திரும்ப வகுப்பறைக்குள் போனது 2022 பிப்ரவரி 16 அன்று. இடையில் இருபத்து மூன்று மாதங்கள். அந்தக் காலம் முழுவதும் செவிலியர் வார்டுக்குப் போனார், துப்புரவுப் பணியாளர் குப்பை அள்ளினார், ஆம்புலன்ஸ் ஓடியது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்? பெரும்பாலும் பாட்டி, நோய் யாரை அதிகம் கொல்லுமோ அந்த வயதுக்காரர். பாட்டி இல்லாத வீட்டில் மூத்த அக்கா. அக்காவும் இல்லாத வீட்டில் வெளியே பூட்டு.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று மேடையில் சொல்லிவிடாதே. அது உண்மை இல்லை. 2020 மார்ச் 22 மாலை இந்தப் பணியாளர்களுக்காக நாடே கை தட்டியது. அந்த மாதக் கடைசியிலேயே, கோவிட் பணியில் உயிரிழக்கும் சுகாதாரப் பணியாளரின் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு வந்தது. ஆஷா பணியாளர்களும் அதில் அடக்கம். 2020 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன் 'கோவிட் போராளிகளின் பிள்ளைகள்' என்று ஒரு புதிய பிரிவை அறிவித்தார். கோவிட் பணியில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்காக, மத்தியத் தொகுப்பிலிருந்து எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒதுக்கப்பட்டன. நாடு முழுவதற்கும் ஐந்து இடங்கள். அந்த அறிவிப்பில் நான் மதிக்கும் ஒன்று உண்டு. போராளி என்பவர் யார் என்று விளக்கும்போது தினக்கூலி, ஒப்பந்தம், வெளிநிறுவனம் வழியாக வந்தவர்கள் எல்லோரையும் அது சேர்த்துக்கொண்டது. 2021 மே மாதத்தில், கோவிட்டால் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கென்று பி.எம். கேர்ஸ் திட்டமும் வந்தது.

இவை எல்லாம் நன்றி. நன்றி சொல்வது நல்லது. ஆனால் பெற்றவர் இறந்த பிறகுதான் பிள்ளை அரசின் கண்ணில் பட்டது. உயிரோடு இருந்து, கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டு எட்டு மணி நேரம் நின்ற தாய்க்குத் தேவைப்பட்டது பெரிய பரிசு ஏதும் இல்லை. அந்த எட்டு மணி நேரம் பிள்ளை பத்திரமாக உட்கார ஓர் இடம். பரிசும் தேவையும் வேறு வேறு என்பதை உன் பேச்சின் நடுவில் வை. கல்யாண வீட்டில் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களை முதல் பந்தியில் உட்கார வைப்பார்கள். அதில் யாரும் குறை காண்பதில்லை. அதே முதல் பந்தியில் பணக்கார உறவினரை மட்டும் தேடிப்பிடித்து உட்கார வைத்தால் ஊர் பேசும். இரண்டுமே முன்னுரிமைதான், முதலாவதற்கு மட்டும் காரணம் இருக்கிறது.

இந்த வேறுபாட்டுக்கு எங்கள் பகுதியிலேயே சான்று உண்டு. பாலிகஞ்சில் ஒரு கேந்திரிய வித்யாலயா இருக்கிறது. 1962-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த இந்தப் பள்ளித் திட்டம், பெற்றோரின் வேலையைப் பார்த்தே இடம் தருகிறது. ராணுவத்தாரும் மத்திய அரசு ஊழியரும் ஊர் ஊராக மாற்றப்படுகிறார்கள். பிள்ளையின் படிப்பு ஒவ்வொரு மாற்றத்திலும் அறுந்துபோகும். அதனால் அவர்களுக்கு முதலிடம். கடந்த ஏழு ஆண்டுகளில் எத்தனை முறை இடமாற்றம் என்று எண்ணித்தான் வரிசை போடுகிறார்கள். அலைச்சலை அளந்து இடம் தரும் முறை இது. அதே பள்ளிகளில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குப் பத்துப் பிள்ளைகளைப் பரிந்துரைக்கலாம் என்ற ஒதுக்கீடும் இருந்தது. 2022 ஏப்ரலில் அதை நிறுத்தினார்கள். பெற்றோரை இழந்த பி.எம். கேர்ஸ் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்குப் பத்து வரை இடம் தரலாம் என்ற விதி அப்போதுதான் சேர்ந்தது. செல்வாக்குக்குத் தந்த இடம் போய்த் தேவைக்கு இடம் வந்தது.

இனி, யாரைச் சேர்ப்பது என்ற கேள்வி. அதற்கு நீ பாலிகஞ்ச் ரயில் நிலையத்தைப் பார்க்க வேண்டும். கேனிங், லக்ஷ்மிகாந்தபூர், டயமண்ட் ஹார்பர் பக்கத்திலிருந்து வரும் லோக்கல் ரயில்களில் விடியற்காலையிலேயே பெண்கள் வந்து இறங்குவார்கள். வீட்டு வேலை செய்பவர்கள், கடியாஹாட் சந்தையில் காய்கறி விற்பவர்கள், நோயாளிகளின் படுக்கையருகே இருந்து துடைத்துக் கழுவிப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கள். 2020 மார்ச்சில் லோக்கல் ரயில் நின்றது. நவம்பர் 11 அன்றுதான் மீண்டும் ஓடியது. 2021 மே மாதம் மறுபடி நின்று அக்டோபர் இறுதியில் திரும்பியது. ரயில் நின்ற நாட்களில் ரயில்வே ஊழியருக்கான சிறப்பு ரயில்கள் மட்டும் ஓடின. சுகாதாரப் பணியாளர் போன்ற சிலருக்கு ஏற அனுமதி கிடைத்தது. அடையாள அட்டை இல்லாதவர் ஏற முடியாது. 2021 ஜூனில் சோனார்பூரில் மக்கள் தண்டவாளத்தில் இறங்கி மறித்தார்கள். எங்களையும் வேலைக்குப் போக விடுங்கள் என்பதே அவர்கள் கோரிக்கை.

அந்த மறியலில் ஒரு பாடம் இருக்கிறது. பட்டியல் எழுதுபவர்கள் தங்கள் கண்ணுக்குத் தெரியும் வேலையைத்தான் எழுதுவார்கள். மருத்துவரும் காவலரும் முதலில் நினைவுக்கு வருவார்கள். மருத்துவமனைச் சம்பளப் பட்டியலில் பெயரே இல்லாமல் தனி ஏஜென்சி வழியாக வரும் ஆயா யாருக்கு நினைவு வருவார்? அட்டையை மட்டும் கேட்டால், அட்டை தரப்படாத ஏழையின் பிள்ளைதான் முதலில் வெளியே நிற்கும்.

அதனால் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்கச் சொல். அந்த வேலையை நேரில் போகாமல் செய்ய முடியுமா? முடியாது என்றால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஏற்ற வயதும் உடல்நலமும் உள்ள வேறொருவர் இருக்கிறாரா? அதுவும் இல்லை என்றால், அந்த வேலை நின்றால் மற்றவர்களின் உயிரோ உணவோ நின்றுபோகுமா? மூன்றும் பொருந்தினால் இடம் கொடு. சம்பளத்தையும் பதவியையும் பார்க்காதே. வீட்டில் அடியோ பட்டினியோ உள்ள பிள்ளைக்கு இந்தக் கேள்விகளே வேண்டாம். பெற்றோர் என்ன வேலை செய்தாலும் அது உள்ளே வரவேண்டும்.

"மற்ற பிள்ளைகள் பின்தங்கிவிட மாட்டார்களா?" என்று எதிரணி கேட்கும். நல்ல கேள்வி, மழுப்பாதே. வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கும் வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரே பாடம் நடக்க வேண்டும். பள்ளியில் கிடைப்பது பாதுகாப்பும் ஒருவேளைச் சாப்பாடும், தனிப்பயிற்சி இல்லை. அதோடு, கைபேசி இல்லாத பிள்ளையின் நிலையையும் சொல். இங்கிலாந்தில் 2021-ல், கணினியோ படிக்க அமைதியான இடமோ இல்லாத பிள்ளைகளையும் வரலாம் என்றார்கள். "நடைமுறைக்கு ஒத்து வருமா?" என்றும் கேட்பார்கள். 2022 பிப்ரவரி 7 அன்று மேற்கு வங்காள அரசு 'பாராய் ஷிக்ஷாலய்' என்ற பெயரில் பேட்டைதோறும் திறந்த வெளியில் தொடக்க வகுப்புகளை நடத்தத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலர்கள் தெருவிலேயே பாடம் நடத்தினார்கள். இரண்டாம் ஆண்டில் முடிந்ததை, சிறிய எண்ணிக்கைக்கு முதல் ஆண்டிலேயே செய்திருக்கலாம்.

கடைசியாக ஒன்று. 2020-ல் நாட்டை முடக்கிய உத்தரவு 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வந்தது. அதே சட்டம், ஒவ்வொரு மாவட்டமும் பேரிடர்த் திட்டம் ஒன்றை முன்கூட்டியே எழுதி வைத்து ஆண்டுதோறும் பார்த்துத் திருத்த வேண்டும் என்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான ஆணையம் அதைச் செய்யும். எந்தப் பள்ளி திறந்திருக்கும், எந்தப் பிள்ளைக்கு முதலிடம், ஆயாவுக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் அட்டை யார் தருவது என்பதெல்லாம் அந்தத் திட்டத்தில் இருக்க வேண்டும். நோய் வந்த பிறகு அவசரத்தில் எழுதும் பட்டியலில் சத்தம் போடத் தெரிந்தவர்தான் இடம்பிடிப்பார்.

போட்டியில் பரிசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், உன் பேச்சை ஒரு மனுவாக எழுதி, வகுப்புத் தோழிகளிடம் கையெழுத்து வாங்கி, உங்கள் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பு. இன்னும் இரண்டு ஆண்டுகளில் உனக்கு ஓட்டுரிமை வரும். இந்தக் கேள்வியை ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமும் கேள்.

அன்புடன்,
உன் அத்தை