ஆலை மூடிய பிறகு: படிப்பா, உடனடி வேலையா?

இறக்குமதிப் பொருள்களோடு போட்டியிட முடியாமல் ஆலை மூடும்போது வேலை இழக்கும் தொழிலாளர்களுக்கென அமெரிக்காவில் 1962-இல் தனி உதவித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. வணிகச் சீரமைப்பு உதவி என்பது அதன் பெயர். சுங்க வரி குறைந்து நாடு முழுவதும் மலிவான சரக்கு கிடைக்கும்போது, அதனால் வரும் இழப்பு சில ஆலை ஊர்களின் தலையில் மட்டும் விழக் கூடாது என்பதே இதன் அடிப்படை நியாயம். எஃகுத் தொழிலாளர் சங்கத் தலைவர் டேவிட் மக்டொனால்ட் 1954-லேயே இந்த யோசனையை முன்வைத்தார். கென்னடி ஆட்சியின் வணிக விரிவாக்கச் சட்டம் அதை ஏற்றது. ஆனால் விதிகள் மிகக் கடுமையாக இருந்ததால் 1969 வரை ஒரு தொழிலாளிக்குக்கூட உதவி போய்ச் சேரவில்லை. 1974-இல் வந்த புதிய சட்டம்தான் வாசலை அகலமாகத் திறந்தது.

எந்த உதவியைத் தேர்வது என்று யோசிக்கும் முன் தொழிலாளி பார்க்க வேண்டியது தேதியை. இத்திட்டத்தில் தனியாள் நேரடியாக உதவி கேட்க முடியாமல் இருந்தது. ஒரே ஆலையைச் சேர்ந்த மூன்று தொழிலாளர்களோ, சங்கமோ, நிர்வாகமோ, மாநில வேலைவாய்ப்பு அலுவலகமோ மத்திய தொழிலாளர் துறைக்கு மனுச் செய்ய வேண்டியிருந்தது. வேலையிழப்புக்கு இறக்குமதியோ, உற்பத்தி வெளிநாட்டுக்குப் போனதோ காரணம் என்று துறை ஆராய்ந்து சான்று வழங்கினால் அது அந்த ஆலைத் தொழிலாளர் அனைவருக்கும் பொருந்தியது. மனுவுக்கு முந்தைய ஓராண்டுக்குள் வேலை இழந்தவர்களும் அதில் சேர்ந்தார்கள். 2022 ஜூலை 1-இல் திட்டம் காலாவதியானது. அதன்பின் வரும் மனுக்களுக்குச் சான்று வழங்கத் துறைக்கு அதிகாரம் இல்லை. முன்பே பெற்ற சான்றின் கீழ், அந்தத் தேதிக்கு முன் வேலை இழந்தவர்கள் மட்டும் பலன்களைத் தொடர்ந்து பெறலாம். இறக்குமதி நிற்காதபோது உதவி மட்டும் நின்றிருப்பது பெரிய அநீதி. கீழே வருபவை, பெரும்பாலான சான்றுகளுக்குப் பொருந்தும் 2015-ஆம் ஆண்டு விதிகள்.

சான்று உள்ளவருக்கு முதல் வழி, நீண்ட பயிற்சி. கல்விக் கட்டணத்தையும் புத்தகச் செலவையும் அரசே ஏற்கும். வேலையிழப்பு உதவித்தொகை முடிந்த பிறகும் வாராவாரம் அதே அளவு தொகை தொடரும். முதல் கட்டம், வேலையிழப்பு உதவித்தொகையையும் சேர்த்து 52 வாரம். பயிற்சியில் இருப்பவருக்கு மேலும் 65 வாரம். படிப்பை முடிக்கும் தறுவாயில் இன்னும் 13 வாரம். ஆக மொத்தம் 130 வாரம். பழைய சம்பளத்தில் பாதி அளவில்தான் இந்தத் தொகை இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. ஆலை சான்று பெற்ற நாள், வேலை இழந்த நாள் ஆகியவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து 26 வாரத்துக்குள் பயிற்சியில் சேர வேண்டும். விதிவிலக்கு சில சூழல்களில் மட்டுமே. 'பழைய வேலைக்கே கூப்பிடுவார்கள்' என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடும் தொழிலாளி பெரிதாக இழக்கிறார்.

130 வாரம் கேட்பதற்கு அதிகமாகத் தோன்றும். வட கரோலினாவின் கன்னாபொலிஸில் துண்டும் படுக்கை விரிப்பும் நெய்துவந்த பில்லோடெக்ஸ் நிறுவனம் 2003 ஜூலையில் மூடியபோது அந்த மாநிலத்தில் மட்டும் ஏறக்குறைய 4,800 பேர் தெருவுக்கு வந்தார்கள். பள்ளிப் படிப்பையே முடிக்காமல் இளவயதில் ஆலைக்குள் போனவர்கள் அவர்களில் பலர். அப்படிப்பட்டவர் முதலில் பள்ளிச் சமநிலைத் தேர்வு எழுதி, பிறகுதான் தொழிற்படிப்பில் சேர முடியும்; வாரங்கள் அதிலேயே கரையும். எனவே படிப்பின் மொத்தக் காலத்தை, அடிப்படைக் கல்விக்குத் தேவைப்படும் மாதங்களையும் சேர்த்து, முதல் நாளே எண்ணிப் பார்க்க வேண்டும்.

எந்தப் படிப்பு என்பதும் முக்கியம். வாஷிங்டன் மாநிலத்தில் வேலையிழந்து சமுதாயக் கல்லூரிக்குப் போனவர்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள், கணிதம், அறிவியல், தொழில்நுட்பப் பாடங்கள் வருமானத்தை நன்றாக உயர்த்தியதையும் மற்றப் பாடங்கள் சொற்பமே உயர்த்தியதையும் கண்டார்கள்.

இரண்டாவது வழி ஊதியக் காப்பீடு. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மட்டுமே உரியது. குறைந்த சம்பளத்துக்கு வேறு வேலையில் சேர்ந்தால், பழைய சம்பளத்துக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை அரசு தரும். இரண்டு ஆண்டுகளில் மொத்தம் 10,000 டாலருக்கு மேல் போகாது. புதிய வேலையின் ஆண்டு வருமானம் 50,000 டாலரைத் தாண்டவும் கூடாது. 40,000 டாலர் வாங்கியவர் 30,000 டாலர் வேலைக்குப் போனால் ஆண்டுக்கு 5,000 வீதம் இரண்டு ஆண்டும் கிடைக்கும். 24,000 டாலர் வேலைக்குப் போனால் ஆண்டுக்கு 8,000. உச்சவரம்பு 15 மாதத்தில் தீர்ந்துவிடும். ஊதியக் காப்பீட்டின் முதல் தவணையை வாங்கிவிட்டால் அந்தச் சான்றின் பேரில் வாராந்தரத் தொகைக்குத் திரும்ப முடியாது. மாறாக, வாராந்தரத் தொகையிலிருந்து ஊதியக் காப்பீட்டுக்கு, குறைந்த அளவிலேனும், மாறிக்கொள்ளலாம். முடிவு எடுக்க முடியாமல் தவிப்பவருக்கு இது பயன்படும்.

இரண்டையும் எடைபோட ஆய்வுகள் ஓரளவு உதவும். 2012-இல் வெளியான அரசு மதிப்பீடு, திட்டத்தில் சேர்ந்தவர்கள் நான்கு ஆண்டு கழித்தும் சேராதவர்களைவிடக் குறைவாகவே சம்பாதித்ததாகச் சொன்னது. பிறகு பொருளியலாளர் பெஞ்சமின் ஹைமன் நெடுங்காலத் தரவுகளை ஆராய்ந்து வேறு முடிவுக்கு வந்தார்: பயிற்சி பெற்றவர்கள் அக்காலத்தில் சுமார் 10,000 டாலர் வருமானத்தை இழந்தாலும், பத்து ஆண்டுகளில் மொத்தம் 50,000 டாலர் அளவுக்குக் கூடுதலாகச் சம்பாதித்திருந்தார்கள். ஆக, பயிற்சியின் பலன் பல ஆண்டு உழைப்பில்தான் கைக்கு வருகிறது. 35 வயதுக்காரருக்கு அந்த ஆண்டுகள் இருக்கின்றன, துணிந்து படிக்கலாம். 58 வயதில் இரண்டரை ஆண்டுப் படிப்பை முடிப்பவருக்கு ஓய்வுக்கு முன் சில ஆண்டுகளே மிஞ்சும். அவருக்கு ஊதியக் காப்பீடே பொருத்தம். மருத்துவக் காப்பீடும் இதே பக்கம் சாய்க்கிறது. அமெரிக்காவில் அது பெரும்பாலும் வேலையோடு ஒட்டி வருவது. திட்டத்தில் இருப்பவர்களின் காப்பீட்டுக் கட்டணத்தில் 72.5 சதவீதத்தை ஈடுகட்டிய வரிச்சலுகை 2021 முடிவோடு நின்றுபோனது. நோயாளி உள்ள குடும்பம் இதைக் கணக்கில் சேர்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

மூன்றாவது வழி ஊர் மாறுவது. வெளியூரில் வேலை தேடும் செலவில் 90 சதவீதம், 1,250 டாலர் வரை கிடைக்கும். குடிபெயரும் செலவில் 90 சதவீதத்தோடு 1,250 டாலர் வரை ஒருமுறை மொத்தமாகத் தரும் தொகையும் உண்டு. ஆலையே ஊராக இருந்த இடத்தில் வீட்டு மதிப்பும் விழுந்துவிடுவதால் இந்த உதவி பலருக்குப் போதாது.

சான்று கிடைக்க வழியில்லாதவர்கள் மூன்று உதவிகளைச் சேர்த்துப் பயன்படுத்த வேண்டியிருக்கும். மாநில வேலையிழப்பு உதவித்தொகை பல மாநிலங்களில் 26 வாரம். சிலவற்றில் அதைவிட மிகக் குறைவு. 2014-ஆம் ஆண்டின் தொழிலாளர் புத்தாக்கச் சட்டத்தின் கீழ், ஆட்குறைப்புக்கு ஆளான எவரும் உள்ளூர் வேலைவாய்ப்பு மையத்தில் பயிற்சிக்கு நிதி கேட்கலாம். இறக்குமதியால்தான் வேலை போனது என்று நிரூபிக்க வேண்டாம். ஆனால் அந்த நிதி அளவானது, உரிமையாகக் கோர முடியாது, நீண்டகால வாராந்தரத் தொகையும் இல்லை. எனவே ஓராண்டுக்குள் முடியும் சான்றிதழ்ப் படிப்பே இவர்களுக்கு ஏற்றது. வறிய மாணவர்களுக்கான பெல் நிதியுதவி 2024-25 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர். அதன் விண்ணப்பம் இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமானத்தைக் கேட்பதால், ஆலைச் சம்பளம் வாங்கிய காலத்துத் தொகை அதில் ஏறித் தகுதியைக் கெடுத்துவிடும். வேலையிழந்ததற்கான கடிதத்தைக் கல்லூரியின் நிதியுதவி அலுவலரிடம் கொடுத்து, தற்போதைய வருமானத்தின் பேரில் மறுகணக்கீடு செய்யக் கேட்கலாம். அதற்கு அவருக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு.